அப்பாச்சி 2.4.49 முதல் 2.4.51 வரை: மூன்று வாரம், மூன்று பதிப்புகள், 38 சர்வர்கள்

## பின்னணி

ஒரு கல்வி நிறுவனத்தின் இணையதளங்களையும் உள் பயன்பாடுகளையும் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பராமரித்து வந்தது. 2021 செப்டம்பரில் அவர்களிடம், இணையப் பக்கங்களை வழங்கும் மென்பொருளான அப்பாச்சி வெப் சர்வர் மொத்தம் 38 இடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 24 சர்வர்களில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் (டிஸ்ட்ரோ) ஆயத்தமாகத் தரும் பேக்கேஜ். 9 சர்வர்களில் மூல நிரலை இறக்கிக் கம்பைல் செய்து நிறுவியிருந்தார்கள். மீதி 5, அதிகாரப்பூர்வ அப்பாச்சி இமேஜின் மேல் கட்டிய டாக்கர் கன்டெய்னர்கள் (மென்பொருளும் அதற்கு வேண்டியவையும் இமேஜ் என்ற ஒரே பொதியில் கட்டி ஓடுபவை).

கம்பைல் செய்த ஒன்பதுக்கும் பழைய காரணம் ஒன்று உண்டு. உபுண்டு 16.04 காலத்தில் டிஸ்ட்ரோ பேக்கேஜில் எச்டிடிபி/2 (பக்கங்களை வேகமாக அனுப்பும் புதிய நெறிமுறை) கிடைக்கவில்லை. அது வேண்டுமென்று கம்பைல் செய்தார்கள். பிறகு இயங்குதளத்தைப் புதுப்பித்தபோதும் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. மூன்று சர்வர்களில் மட்டும் வெளியார் எழுதிய அங்கீகார மாட்யூல் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல் பகுதி) ஒன்று இருந்ததால் கம்பைல் செய்வது உண்மையிலேயே தேவைப்பட்டது.

பாதுகாப்புத் திருத்தம் இந்த மூன்று வகைக்கும் மூன்று வழிகளில் வந்து சேரும். டிஸ்ட்ரோ பேக்கேஜில் பதிப்பு எண் 2.4.41 என்றே நிற்கும். புதிய பதிப்பில் வந்த திருத்தத்தை மட்டும் பழைய நிரலுக்குள் கொண்டுவந்து, பேக்கேஜ் எண்ணின் கடைசிப் பகுதியை ஏற்றுவார்கள். கம்பைல் செய்ததற்கு யாராவது உட்கார்ந்து மறுபடி கட்டினால் ஒழிய எதுவும் வராது. கன்டெய்னருக்கு இமேஜை மறுபடி கட்டும் நாளில்தான் வரும். குழுவிடம் சர்வர் பட்டியல் இருந்தது. ஆனால் எந்தச் சர்வர் எந்த வழியைச் சேர்ந்தது என்ற பத்தி அதில் இல்லை. பின்னால் வந்த தாமதங்களில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் கிளம்பின.

## செப்டம்பர் 16: முதல் சுற்று

அன்று வெளியான 2.4.49 பல ஓட்டைகளை அடைத்தது. அவற்றில் கவலைக்குரியது சிவிஇ-2021-40438 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறை ஒவ்வொன்றுக்கும் தரும் பொது அடையாள எண்). கோரிக்கைகளை வேறு சர்வர்களுக்குக் கடத்தும் ப்ராக்ஸி மாட்யூலில் இருந்த இந்தக் குறையால், வெளியிலிருந்து வரும் ஒருவர் கோரிக்கையின் யூஆர்எல்லை ஒரு விதமாக அமைத்து, தான் விரும்பும் முகவரிக்குச் சர்வரையே கோரிக்கை அனுப்ப வைக்கலாம். உள் வலையமைப்புக்கு முன்னால் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக, அதாவது வெளிக் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் வாசலாக, நிற்கும் சர்வருக்கு இது நேரடி ஆபத்து.

கம்பைல் செய்த ஒன்பதில் ஆறு அப்படிப்பட்டவை. அந்த ஆறையும் செப்டம்பர் 20-க்குள்ளும், மற்ற மூன்றை 24-க்குள்ளும் 2.4.49-க்கு ஏற்றினார்கள். பிறகு நடந்ததை வைத்து இந்த முடிவை அவசரம் என்று சொல்வோர் உண்டு. அது சரியல்ல. அந்த ஓட்டை உண்மையான தாக்குதல்களில் பயன்படுவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 டிசம்பரில் தன் பட்டியலில் சேர்த்தது. கையில் இருந்த தகவலுக்கு ஏற்றுவதே சரியான முடிவு.

உபுண்டு பேக்கேஜுக்கான திருத்தம் செப்டம்பர் 27-இல் வந்தது. 24 சர்வர்களிலும் தானியங்கி அப்டேட் இயக்கத்தில் இருந்ததால் எல்லாமே ஒரே இரவில் அதை ஏற்றுக்கொண்டன. காலையில் இரண்டு சர்வர்களில் பிஎச்பி பக்கங்கள் பிழை காட்டின. ப்ராக்ஸி ஓட்டையை அடைத்த நிரல், யூனிக்ஸ் சாக்கெட் முகவரிகளைப் படிக்கும் விதத்தைக் கெடுத்திருந்தது. அந்த இரண்டும், பிஎச்பி நிரலை ஓட்டும் சேவையான பிஎச்பி-எஃப்பிஎம்மை யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசும் வழி) மூலம் அழைத்தவை.

பழைய பேக்கேஜுக்குத் திரும்பினால் தளம் உடனே எழும், ஓட்டையும் கூடவே திறக்கும். குழு வேறு வழியில் போனது. பிஎச்பி-எஃப்பிஎம்மை 127.0.0.1 முகவரியில் 9000 போர்ட்டில் கேட்க வைத்து, அப்பாச்சியின் ஹேண்ட்லர் வரியையும் அதற்கேற்ப மாற்றினார்கள். இதைச் செய்யும்போது போர்ட் லூப்பேக்கில் (அந்தக் கணினிக்குள் மட்டும் எட்டும் முகவரியில்) மட்டும் திறந்திருக்கிறதா என்று, திறந்த போர்ட்களைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தே ஆக வேண்டும். எல்லா முகவரிகளிலும் திறந்த எஃப்பிஎம் போர்ட், அடைக்க வந்த ஓட்டையைவிட மோசமானது. திருத்தத்தின் திருத்தம் 28-ஆம் தேதி வெளியானது. அதை ஏற்றிய பின் சாக்கெட் அமைப்புக்கே திரும்பினார்கள்.

## அக்டோபர் 5: கட்டுவதற்கு முன் கான்ஃபிக்

அக்டோபர் 4-இல் 2.4.50 வெளியானது. சிவிஇ-2021-41773 என்ற எண்ணுடன் வந்த விளக்கத்தில் இரண்டு செய்திகள் இருந்தன: குறை 2.4.49-இல் மட்டுமே உள்ளது. அது ஏற்கெனவே தாக்குதல்களில் பயன்படுகிறது.

யூஆர்எல் பாதையைச் சீர்செய்யும் நிரலை 2.4.49-இல் புதிதாக எழுதியிருந்தார்கள். இரண்டு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் வந்தால் ஓர் அடைவு மேலே போவதாகப் பொருள். அதைக் கண்டு ஒடுக்குவது அந்த நிரலின் வேலை. முதல் புள்ளி நேராகவும் இரண்டாவது சதவீதக் குறியீட்டிலும் (எழுத்துக்குப் பதில் சதவீதக் குறியும் அதன் எண்ணும்) வந்தால், சோதனை நடக்கும் கணத்தில் இரண்டாவது இன்னும் புள்ளியாக மாறியிருக்காது. சோதனை அதை விட்டுவிடும். இதனால், ஒரு யூஆர்எல் பாதையை ஓர் அடைவோடு இணைக்கும் அலையஸ் கட்டளையில் காட்டிய அடைவுக்கு வெளியே உள்ள கோப்புகளை எட்டலாம். அங்கே சிஜிஐயும் (கோரிக்கை வந்தால் சர்வரில் நிரலை ஓட்டும் வசதி) இயங்கினால், கோப்பைப் படிப்பதோடு நிற்காமல் கட்டளையே ஓட்டலாம்.

புதிய பதிப்பைக் கட்டிச் சோதித்து ஒன்பதிலும் ஏற்ற ஒரு நாளாவது ஆகும். ஆனால் இந்தத் தாக்குதல் பலிக்க இன்னொரு நிபந்தனையும் வேண்டும்: கோப்பு அமைப்பின் வேர் அடைவுக்கு 'ரிக்வயர் ஆல் டினைட்' (எல்லாருக்கும் மறுப்பு) என்ற வரி இருக்கக் கூடாது. அப்பாச்சி தரும் இயல்புக் கான்ஃபிக்கில் அந்த வரி உண்டு. அது இருந்தால் பாதை வெளியே போனாலும் 403 (அனுமதி இல்லை) என்ற பதிலில் நின்றுவிடும். ஆகவே முதல் வேலையாக ஒன்பது சர்வர்களிலும் கன்டெய்னர்களிலும் அந்த வரியைத் தேடினார்கள்.

இரண்டு சர்வர்களில் வேர் அடைவுக்கு 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' (எல்லாருக்கும் அனுமதி) என்று இருந்தது. பதிப்பு 2.2-இலிருந்து 2.4-க்கு மாறியபோது அனுமதிக் கட்டளைகளின் எழுத்துமுறை மாறியது. அப்போது வந்த 403 பிழைகளை அடக்க யாரோ வேரிலேயே திறந்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். 2.2-இலிருந்து வந்த எந்தச் சர்வரிலும் இந்த வரியைத் தேடிப் பார்ப்பது நல்லது. இது பரவலாகக் காணப்படும் எச்சம். இரண்டில் ஒன்றில் சிஜிஐ மாட்யூலும் இயங்கியது.

டினைட் வரியைப் போட்டு, கான்ஃபிக் சோதனைக் கட்டளையை ஓட்டி, கிரேஸ்ஃபுல் ரீலோட் (நடப்பு இணைப்புகளை வெட்டாமல் கான்ஃபிக்கை மறுபடி படிக்க வைப்பது) செய்தார்கள். ஒரு சர்வருக்குச் சில நிமிடங்களே ஆயின. சிஜிஐ இருந்த சர்வரில் அதை நம்பிய பயன்பாடு எதுவும் இல்லை என்று லாகில் உறுதி செய்து மாட்யூலையே நிறுத்தினார்கள். ஒரு சிக்கல் வந்தது. ஆவண மூலத்துக்கு வெளியே இருந்த ஒரு படத் தொகுப்பு அடைவு அலையஸ் வழியாக வெளியானது. அதற்குத் தனி டைரக்டரி பகுதி இல்லாமல், வேரின் தாராள அனுமதியால் மட்டுமே ஓடியிருந்தது. டினைட் வந்ததும் படங்கள் 403 ஆயின. பிழை லாகில் ஏஎச்01630 என்ற எண்ணைத் தேடியதும் தடுக்கப்பட்ட பாதை முழுதாகத் தெரிந்தது. அந்த அடைவுக்கு மட்டும் அனுமதி எழுதியதும் சரியானது. வேரில் டினைட் போடும் எவரும், அதற்கு முன் அலையஸ் வரிகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் டைரக்டரி பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தத் தடங்கல் வராது.

## வட்டில் ஒரு பதிப்பு, நினைவகத்தில் வேறு

அதே நாளில் பதிப்பு எண்களையும் சரிபார்த்தார்கள். வட்டில் உள்ள இயங்கு கோப்பான பைனரியிடம் நேரே கேட்டபோது ஒன்பதும் 2.4.49 என்றன. ஆனால் சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் செயல்முறையின் பதிப்பைக் காட்டும். ஒரு சர்வரில் அது 2.4.48 என்றது.

செப்டம்பர் 20-இல் புதிய பைனரியை நிறுவிய பின் அதில் கிரேஸ்ஃபுல் மட்டும் செய்திருந்தார்கள். கிரேஸ்ஃபுல்லாக இருந்தாலும் சாதாரண ரீஸ்டார்ட் சிக்னலாக இருந்தாலும், தாய்ச் செயல்முறை கான்ஃபிக்கை மறுபடி படித்துக் குழந்தைச் செயல்முறைகளை மாற்றுமே தவிர, தன் பைனரியை மறுபடி ஏற்றாது. பழைய கோப்பை அழித்துப் புதியதை வைத்தாலும், நினைவகத்தில் ஏறியது பழையதாகவே இருக்கும். ப்ராக் அடைவில் அந்தச் செயல்முறையின் எக்ஸி இணைப்பைப் பார்த்தால் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு தெரியும். இந்தச் சர்வரில் ப்ராக்ஸி மாட்யூலும் பைனரிக்குள்ளேயே நிலையாக இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே செப்டம்பர் திருத்தம் எதுவும் இதில் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு வாரத்துக்கும் மேலாக ப்ராக்ஸி ஓட்டை திறந்தே கிடந்தது.

மாட்யூல்கள் தனிக் கோப்புகளாக இருந்திருந்தால் நிலைமை வேறு மாதிரி குழம்பியிருக்கும். கிரேஸ்ஃபுல்லின்போது அவை மறுபடி ஏற்றப்படும். பழைய மையத்தின் மேல் புதிய மாட்யூல்கள் உட்காரும். புதிய மாட்யூல் தேடும் குறியீடு பழைய மையத்தில் இல்லாவிட்டால் சர்வர் அங்கேயே விழும். எப்படிப் பார்த்தாலும் பைனரி மாறினால் முழுதாக நிறுத்தித் தொடங்குவதே வழி. உபுண்டு பேக்கேஜ் இதைத் தானே செய்துவிடுவதால் அந்த 24-இல் இப்படி ஒன்றும் அகப்படவில்லை.

கன்டெய்னர்களில் மூன்று, செப்டம்பர் பிற்பகுதியில் மறுபடி கட்டியதால் 2.4.49-இல் இருந்தன. இரண்டு 2.4.46-இலேயே நின்றன. ஐந்திலும் வேர் அடைவு டினைட்.

## அக்டோபர் 6, 7: கட்டுதல், மறுபடி கட்டுதல்

ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாகக் கம்பைல் செய்யும் பழைய வழக்கத்தை இங்கே கைவிட்டார்கள். அதே இயங்குதளப் பதிப்புள்ள ஒரு கட்டும் சர்வரில் ஒருமுறை கட்டி, முடிந்த அடைவைச் சுருக்கி எல்லாவற்றுக்கும் அனுப்புவது என்று முடிவானது. செய்த வரிசை இது:

1. மூல நிரலையும் அதன் கையொப்பக் கோப்பையும் இறக்கி, அப்பாச்சி வெளியிடும் சாவிகளைக் கொண்டு சரிபார்த்தல்.
2. முந்தைய நிறுவலின் பில்ட் அடைவில் உள்ள கான்ஃபிக்.நைஸ் கோப்பை எடுத்து அதே தேர்வுகளுடன் கான்ஃபிகர் செய்தல். நினைவிலிருந்து தேர்வுகளை எழுதினால் ஏதாவது ஒரு மாட்யூல் விட்டுப்போகும். கான்ஃபிக் சோதனை அதைக் கண்டுபிடிக்கும்போது பாதி நேரம் போயிருக்கும்.
3. பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட தனி அடைவில் நிறுவி, 'நடப்பு' என்ற சிம்லிங்கை (வேறோர் அடைவைச் சுட்டும் குறுக்கு இணைப்பு) அதற்குத் திருப்புதல். கான்ஃபிக், லாக் இரண்டும் இந்த அடைவுக்கு வெளியே. பின்வாங்க வேண்டுமானால் சிம்லிங்கைத் திருப்பினால் போதும்.
4. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரிலிருந்து சர்வரை எடுத்து, நடப்பு இணைப்புகள் வடிய 60 வினாடி விட்டு, நிறுத்தித் தொடங்குதல்.
5. சர்வர்-ஸ்டேட்டஸில் பதிப்பைப் பார்த்து, ஒரு சோதனைக் கோரிக்கை அனுப்பி, பிறகே லோட் பேலன்சரில் சேர்த்தல்.

அங்கீகார மாட்யூல் கொண்ட மூன்றில் ஒன்றை முதலில் ஏற்றினார்கள். உடைந்தால் அங்கேதான் உடையும் என்பதால் இந்தத் தேர்வு. மாட்யூலைப் புதிய தலைப்புக் கோப்புகளுடன் மறுபடி கம்பைல் செய்ததும் சரியாக ஓடியது. 6-ஆம் தேதி இரவுக்குள் ஐந்து சர்வர்கள் 2.4.50-க்கு வந்தன.

மறுநாள், அக்டோபர் 7-இல் 2.4.51 வெளியானது. 2.4.50-இன் அடைப்பு முழுமையானதல்ல என்பதே அதன் செய்தி, எண் சிவிஇ-2021-42013. புள்ளியின் சதவீதக் குறியீட்டில் உள்ள எழுத்துகளையே இன்னொரு முறை குறியீடாக்கி அனுப்பினால் சீர்செய்யும் நிரல் அதை அடையாளம் காணாது. பின்னால் நடக்கும் இரண்டாவது விரித்தலில் அது புள்ளியாகிவிடும்.

ஐந்தை மறுபடி தொட வேண்டுமா, அடுத்த பராமரிப்பு நேரம்வரை விடலாமா என்று குழுவில் பேச்சு எழுந்தது. வேர் டினைட் இருப்பதால் உடனடி ஆபத்து குறைவு என்பது ஒரு வாதம். டினைட் ஒன்றையே அடுத்த சில வாரங்களுக்கு ஒரே தடுப்பாக நம்ப முடியாது, யாராவது ஒரு 403-ஐத் தீர்க்க அதைத் தளர்த்தக் கூடும் என்பது எதிர் வாதம். இரண்டாவதே நின்றது. கட்டும் வழி தயாராக இருந்ததால் புதிய பதிப்புக்கு எண்ணை மாற்றி ஓட்டினால் போதுமாயிருந்தது. இன்னும் ஏற்றாத நான்கும் 2.4.50-ஐத் தாண்டி நேரே 2.4.51-க்குப் போயின. 8-ஆம் தேதி மாலைக்குள் ஒன்பதும் முடிந்தன.

கன்டெய்னர்களில் ஒரு தடங்கல் வந்தது. மறுபடி கட்டி வெளியிட்ட ஒரு கன்டெய்னர் 2.4.49 என்றே காட்டியது. இமேஜைக் கட்டும் குறிப்புக் கோப்பான டாக்கர்ஃபைலில் அடிப்படை இமேஜுக்கு '2.4' என்ற நகரும் டேக் (புதிய பதிப்பு வரும்போது அதற்கு மாறும் பெயர்) இருந்தது. கட்டும் கணினியில் அதே டேக்கில் பழைய இமேஜ் கிடந்ததால் டாக்கர் புதியதை இழுக்கவில்லை. கட்டும் கட்டளையில் 'புல்' தேர்வைச் சேர்த்ததும் தீர்ந்தது. முழுப் பதிப்பு எண்ணை எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே எழுந்திருக்காது. எது ஓடுகிறது என்பது கோப்பிலேயே தெரியும்.

## லாகில் தெரிந்தது

திருத்தம் ஒரு பக்கம் நடக்க, ஒருவர் அணுகல் லாக்குகளை அலசினார். அலையஸ் பாதைகளில், குறிப்பாக ஐகான்ஸ், சிஜிஐ-பின் இரண்டிலும், சதவீதக் குறியீட்டுப் புள்ளிகள் வரும் வரிகளைத் தேடி, பதில் எண்ணை வைத்துப் பிரித்தார். 403 என்றால் டினைட் தடுத்தது. 400 என்றால் திருத்திய பதிப்பு மறுத்தது. பிழை லாகில் ஏஎச்10244 என்ற வரியும் கூட இருக்கும். 200 என்றால் கோப்பு போய்விட்டது.

வேர் திறந்திருந்த இரண்டில், சிஜிஐ இருந்ததில் 200 எதுவும் இல்லை. மற்றதில் இரண்டு இருந்தன. அக்டோபர் 5 காலை, கான்ஃபிக் திருத்தத்துக்குச் சற்று முன், பயனர் பட்டியல் கோப்பான பாஸ்டபிள்யூடியை யாரோ படித்திருந்தார்கள். அதில் கடவுச்சொல் இருக்காது என்றாலும், அதே கதவு வழியே வேறு என்ன எட்டியிருக்கலாம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. டிஎல்எஸ் தனிச்சாவி ரூட் மட்டுமே படிக்கும் 600 அனுமதியில் இருந்தது. கோரிக்கைகளைக் கையாளும் செயல்முறை டீமன் பயனராக ஓடுவதால் அதற்குக் கைக்கு எட்டாது. ஆனால் பயன்பாட்டின் தரவுத்தளக் கடவுச்சொல் இருந்த கோப்பு அந்தப் பயனரால் படிக்கக்கூடியது.

அந்தச் சர்வரில் 2.4.49 செப்டம்பர் 18 முதல் ஓடியது. லாக் சுழற்சி 14 நாள் என்பதால் 21-க்கு முந்தைய பதிவுகள் இல்லை. மூன்று நாள்களுக்குச் சாட்சியே இல்லாத நிலையில், எதுவும் போகவில்லை என்று எழுத முடியாது. கோப்பு போனதாகவே கொண்டு, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அதே கோப்பில் இருந்த மின்னஞ்சல் சேவைச் சாவியையும் மாற்றினார்கள். சிஜிஐ இருந்த சர்வரில் 200 இல்லாதபோதும் டீமன் பயனரின் செயல்முறைகள், கிரான் வேலைகள், தற்காலிக அடைவுகள் ஆகியவற்றைப் பார்த்தார்கள். போஸ்ட் கோரிக்கையின் உள்ளடக்கம் அணுகல் லாகில் பதிவாகாது என்பதால் இந்தச் சோதனை அவசியம். ஒன்றும் அகப்படவில்லை.

## தணிக்கையாளரின் கேள்வி

அக்டோபர் நடுவில் வெளித் தணிக்கையின் ஸ்கேனர் அறிக்கை வந்தது. கம்பைல் செய்த ஒன்பதும் சுத்தம். உபுண்டுவின் 24-உம் '2.4.41, பாதுகாப்பற்றது' என்று சிவப்பில். ஸ்கேனர் சர்வர் அனுப்பும் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தது. அந்த 24-ஐயும் மூல நிரலுக்கு மாற்றச் சொல்லி நிர்வாகத்திடமிருந்து ஆலோசனையும் வந்தது.

குழு மறுத்தது, காரணத்தை எழுத்தில் கொடுத்தது. பேக்கேஜின் சேஞ்ச்லாகில் ஒவ்வொரு சிவிஇ எண்ணும் எந்தப் பேக்கேஜ் பதிப்பில் அடைக்கப்பட்டது என்று இருக்கும். அதை 24 சர்வர்களிலும் நிறுவிய எண்ணோடு ஒப்பிட்டு அட்டவணையாகத் தந்தார்கள். இந்த இரண்டு பாதை ஓட்டைகளும் 2.4.41-இல் இருந்ததே இல்லை என்பதையும் சேர்த்தார்கள். அதே வாதத்தைத் திருப்பிப் போட்டு, கம்பைல் செய்ததில் அங்கீகார மாட்யூல் இல்லாத ஆறை உபுண்டு பேக்கேஜுக்கு மாற்ற அனுமதி கேட்டார்கள். 20.04-இன் பேக்கேஜில் எச்டிடிபி/2 மாட்யூல் இருப்பதால் பழைய காரணம் போய்விட்டது. நவம்பர் நடுவில் அந்த மாற்றம் முடிந்தது.

## நடைமுறையில் மாறியவை

சர்வர் பட்டியலில் நான்கு பத்திகள் சேர்ந்தன: திருத்தம் வரும் வழி, ஓடும் செயல்முறையின் பதிப்பு, அது தொடங்கிய தேதி, ஏற்றப்பட்ட மாட்யூல்கள். கடைசி மூன்றையும் ஒரு ஸ்கிரிப்ட் தினமும் நிரப்புகிறது. வட்டில் உள்ள பைனரியின் தேதி, செயல்முறை தொடங்கிய தேதியைவிடப் புதியது என்றால் எச்சரிக்கை வரும். 'திருத்தம் முடிந்தது' என்று குறிக்கும் உரிமை இப்போது நிறுவியவருக்கு இல்லை. அந்த எச்சரிக்கை அணைந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்வார்கள்.

உபுண்டுவின் 24-ஐ நான்கு, இருபது என்று பிரித்தார்கள். நான்கும் திருத்தம் வந்த அன்றே ஏற்கும், மற்றவை ஒரு நாள் கழித்து. அந்த நான்கில் யூனிக்ஸ் சாக்கெட் கொண்ட ஒன்றும் ரிவர்ஸ் ப்ராக்ஸி ஒன்றும் கட்டாயம் இருக்கும். ஒரே மாதிரி நான்கை வைத்தால் முன்சோதனைக்குப் பொருள் இல்லை. ஏற்கெனவே தாக்குதலில் உள்ள ஓட்டை என்று அறிவிப்பில் இருந்தால் இந்த ஒரு நாள் இடைவெளி கிடையாது.

வேர் அடைவின் டினைட் வரி தினசரி சோதனையில் சேர்ந்தது. லாக் 90 நாள் வைக்கப்படுகிறது. புள்ளிகளை ஒருமுறையும் இருமுறையும் குறியாக்கிய இரண்டு கோரிக்கைகளை உள் வலையிலிருந்து அனுப்பி, இரண்டுக்கும் 400 வருகிறதா என்று பார்ப்பது ஏற்றியபின் சோதனையின் பகுதியானது.

டிசம்பர் 20-இல் 2.4.52 வெளியானபோது இந்த ஏற்பாடு முதல்முறை சோதனைக்கு வந்தது. அதன் பெரிய திருத்தம் லுவா மாட்யூலில் (சிவிஇ-2021-44790). பட்டியலின் மாட்யூல் பத்தியைப் பார்த்து, மிஞ்சிய மூன்று கம்பைல் சர்வர்களிலும் லுவா ஏற்றப்படவில்லை என்று உடனே சொல்ல முடிந்தது. ஆகவே அன்றிரவு யாரையும் எழுப்பாமல், மறுநாள் வழக்கமான பராமரிப்பு நேரத்தில் மூன்றையும் ஏற்றினார்கள். அங்கீகார மாட்யூலுக்குப் பதிலாக உபுண்டு பேக்கேஜில் உள்ள ஒன்றைப் பயன்படுத்த முடியுமா என்ற ஆய்வு அப்போதும் நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை அந்த மூன்றுக்கும் திருத்த அறிவிப்பைப் படிக்க ஒருவர் பெயர் குறித்துப் பொறுப்பாக்கப்பட்டார், அவர் விடுப்பில் இருந்தால் பார்க்க இன்னொருவரும்.